கணக்கில் சேர்க்காத 22 கதைகள்

1975இல் ஸ்டார் ட்ரெக் என்ற பெயரில் வந்த ஒரு தொடருக்கு முதல் தடவையாக எமி விருது கிடைத்தது. வாங்கியது எல்லாருக்கும் தெரிந்த அந்த 1966ஆம் ஆண்டுத் தொடர் இல்லை. அது சிறந்த நாடகத் தொடருக்கு இரண்டு தடவை பரிந்துரைக்கப்பட்டு இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பியது. வாங்கியது, சனிக்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகளுக்காகப் போட்ட ஒரு கார்ட்டூன். சிறுவர் நிகழ்ச்சிகளுக்கான பகல்நேர எமி அது.

பதினைந்து வருசம் போக முதலே, அந்தக் கார்ட்டூன் ஸ்டார் ட்ரெக்கின் கணக்கில் இல்லை எண்டு ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கியவரின் அலுவலகமே சொல்லிவிட்டது. அதில் நடந்தவை நடக்கவில்லை. அதில் வந்தவர்கள் வரவில்லை.

ஒரு கற்பனைக் கதைக்குள் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒரு அலுவலகம் தீர்மானிப்பது கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கலைப்பீடத்தில் வரலாறு ஒரு பாடமாக எடுக்கிற எங்களுக்கு இந்தக் கதை வெறும் ரசிகர் சண்டையாகத் தெரியவில்லை. ஒரு பதிவேடு எப்படி உருவாகிறது, அதிலிருந்து சிலது எப்படி விழுத்தப்படுகிறது, விழுந்தது எந்த வழியால் திரும்பி வருகிறது என்ற மூன்று கேள்விக்கும் இதில் பதில் இருக்கு. அதனால் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

நிறுத்தப்பட்ட தொடர், நிறுத்தாத ரசிகர்கள்

பார்க்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். 1966 செப்டெம்பர் 8ஆம் திகதி அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஸ்டார் ட்ரெக் தொடங்கியது. உருவாக்கியவர் ஜீன் ரொடன்பெரி. 23ஆம் நூற்றாண்டில் 'என்டர்பிரைஸ்' என்ற விண்கலம் புதிய கோள்களைத் தேடிப் போகிறது. கப்டன் கேர்க், பாதி மனிதரும் பாதி வல்கனுமான ஸ்பொக், டொக்டர் மக்கோய் ஆகிய மூன்று பேரும்தான் கதையின் நடுவில். அவர்களைச் சுற்றிக் கலத்தின் மேடையில் இருந்தவர்கள்தான் அந்தக் காலத்துக்குப் புதுசு. தொடர்பாடல் அதிகாரி ஊஹுரா ஒரு கறுப்பினப் பெண். கலத்தைச் செலுத்தும் சூலு ஆசிய வம்சாவளி. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் செக்கோவ் என்ற ரஷ்யரும் அதே மேடையில் வேலை செய்தார்.

இரண்டாவது வருசத்தோடு நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ரசிகர்கள் கடிதம் எழுதித் தள்ளினார்கள். அதனால் மூன்றாவது வருசம் கிடைத்தது. 1969 ஜூனில் 79 எபிசோட்களோடு தொடர் முடிந்தது.

முடிந்த பிறகுதான் உண்மையில் தொடங்கியது. உள்ளூர் அலைவரிசைகள் அந்த 79 எபிசோட்களையும் வாங்கி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருகிற நேரம் திரும்பத் திரும்பப் போட்டன. முதல் ஒளிபரப்பைத் தவறவிட்ட ஒரு தலைமுறை அப்படித்தான் ஸ்டார் ட்ரெக்கைக் கண்டுபிடித்தது. 1972 ஜனவரியில் நியூயோர்க்கில் ரசிகர்கள் ஒரு மாநாடு வைத்தார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள். என்.பி.சி.க்கு இப்போது விளங்கியது. ஆனால் செட்டுகளை எல்லாம் உடைத்தாகிவிட்டது. திரும்பக் கட்டுவதற்குப் பெரிய காசு வேண்டும். படமாக வரைந்தால் செட் தேவையில்லை.

பில்மேஷன் என்ற கார்ட்டூன் நிறுவனம் இந்த இடத்தில் வருகிறது. லூ ஷைமர், நோர்ம் பிரெஸ்கொட் என்ற இரண்டு பேர் நடத்திய நிறுவனம். சனிக்கிழமை காலைக் கார்ட்டூன்களை மலிவாகவும் கெதியாகவும் செய்வதில் பேர்போனது. ரொடன்பெரி ஒரு நிபந்தனை வைத்தார்: கதை விடயத்தில் கடைசி முடிவு தன்னுடையதாக இருக்கவேண்டும். இதைப் பிள்ளைகளுக்கான விளையாட்டாக மாற்றக்கூடாது. பில்மேஷன் சம்மதித்தது. எந்தக் கதையை எடுப்பது, எதைத் திருத்துவது என்று பார்க்கிற பொறுப்பு டொரத்தி ஃபொன்டானாவிடம் போனது. பழைய தொடரில் ஸ்பொக்கின் குடும்பத்தைப் பற்றிய கதையை எழுதியவர் அவர். பெண் என்று தெரியாமல் இருப்பதற்காகவே 'டி.சி. ஃபொன்டானா' என்ற பெயரில் எழுதத் தொடங்கியவர்.

இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்தது. 1973இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இருந்தது. கார்ட்டூன் எழுத்து அந்தச் சங்க ஒப்பந்தத்துக்குள் வராது. அதனால் வேறு எங்கும் எழுத முடியாமல் இருந்த நல்ல எழுத்தாளர்கள் இதற்கு எழுதக் கூடியதாக இருந்தது. பழைய தொடரின் இரண்டாவது முன்னோடி எபிசோட்டை எழுதிய சாமுவேல் பீப்பிள்ஸ் வந்தார். 'ட்ரிபிள்' என்ற பஞ்சு உருண்டைப் பிராணிகளை உருவாக்கிய டேவிட் ஜெரோல்ட் வந்தார். அறிவியல் புனைகதை எழுத்தாளர் லாரி நிவன் தன்னுடைய ஒரு சிறுகதையையே எபிசோட்டாக மாற்றிக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமைக் கார்ட்டூனுக்கு இது சாதாரணமான எழுத்தாளர் பட்டியல் இல்லை.

குரல் யாருடையது?

முதல் திட்டத்தின்படி, பழைய நடிகர்களில் எல்லாரையும் எடுக்கப் பில்மேஷனிடம் காசு இல்லை. கேர்க், ஸ்பொக், மக்கோய் மூவருக்கும் அவரவர் குரல். எஞ்சினியர் ஸ்கொட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹனும், தாதி சப்பலாக நடித்த மேஜல் பரெட்டும் பல குரலில் கதைக்கக் கூடியவர்கள். அதனால் சூலுவின் குரலை டூஹன், ஊஹுராவின் குரலை பரெட் பேசிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். கார்ட்டூன்தானே, முகம் தெரியப் போவதில்லையே.

கணக்கு என்று பார்த்தால் பிழை இல்லை. ஆனால் விட்டுவிட்டதைப் பாருங்கள். நிச்செல் நிக்கொல்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணும், ஜோர்ஜ் டக்கே என்ற ஜப்பானிய அமெரிக்கரும் வெளியே. டக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சின்னப் பிள்ளையாகக் குடும்பத்தோடு தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். எல்லா இனத்தவரும் ஒரே மேடையில் நிற்பதுதான் எங்கட எதிர்காலம் என்று சொன்ன தொடர், காசு குறைந்ததும் முதலில் கழித்தது இவர்களைத்தான்.

இதைக் கேட்ட லெனார்ட் நிமோய், அதாவது ஸ்பொக், அவர்கள் இரண்டு பேரும் இல்லையென்றால் தானும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஸ்பொக் இல்லாத ஸ்டார் ட்ரெக்கை யார் பார்ப்பது? பில்மேஷன் இறங்கி வந்தது. நிக்கொல்ஸும் டக்கேயும் உள்ளே வந்தார்கள்.

இதை ஒரு வீரக்கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடக்கூடாது. செக்கோவாக நடித்த வோல்டர் கோனிக்குக் காசு கிடைக்கவே இல்லை. அவர் வெளியேதான் நின்றார். அவருக்கு வேறு வழியால் ஒரு இடம் வந்தது. 'தி இன்ஃபினிட் வல்கன்' என்ற எபிசோட்டை அவர் எழுதினார். ஸ்டார் ட்ரெக் நடிகர் ஒருவர் எழுதிய முதல் கதை அதுதான். அதில் ஸ்பொக்கை நகலெடுத்து ஒரு இராட்சத ஸ்பொக்கை உருவாக்குவார்கள். இந்த இராட்சதனை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மலிவான படம், பெரிய கதை

1973 செப்டெம்பர் 8, பழைய தொடர் தொடங்கி சரியாக ஏழு வருசம். கார்ட்டூனின் முதல் எபிசோட் ஒளிபரப்பானது. இன்றைக்கு அதைப் போட்டுப் பார்க்கிற ஒருவருக்கு முதல் ஐந்து நிமிசம் கஷ்டமாக இருக்கும். பாத்திரங்கள் அசைவதே இல்லை. வாய் மட்டும் அசையும். கேர்க் பக்கவாட்டில் திரும்பும் ஒரே படம் பத்துத் தரம் வரும். ஒரே நடை, ஒரே ஓட்டம், ஒரே அதிர்ச்சி முகம்.

பில்மேஷனின் வேலைமுறை அது. ஒரு தடவை வரைந்த அசைவை எடுத்து வைத்து, பின்னணியை மட்டும் மாற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். மற்ற நிறுவனங்கள் செலவைக் குறைக்கப் படம் வரைகிற வேலையை வெளிநாடுகளுக்கு அனுப்பத் தொடங்கிய காலத்திலும், பில்மேஷன் கலிபோர்னியாவிலேயே ஆட்களை வைத்து வரைந்தது. அந்தச் செலவை ஈடுகட்டிய வழிகளில் ஒன்றுதான் இந்த மறுபயன்பாடு. பாத்திரங்கள் விண்வெளிக்குப் போகும்போது விண்வெளி உடை போடமாட்டார்கள். இடுப்பில் ஒரு பட்டி, உடம்பைச் சுற்றி ஒரு மஞ்சள் ஒளி, அவ்வளவுதான். புது உடையில் எல்லாரையும் திரும்ப வரைவதைவிட ஏற்கெனவே வரைந்த உடம்பைச் சுற்றி ஒரு கோடு போடுவது இலகு. நடிகர்களும் எப்போதும் ஒன்றாக இருந்து பதிவு செய்யவில்லை. தொடக்கத்தில் சில எபிசோட்களுக்கு ஒன்றாக வந்தார்கள். பிறகு ஆளுக்கொரு ஊரில் மேடை நாடகம், படப்பிடிப்பு எண்டு இருந்தபடியே பதிவு செய்து அனுப்பினார்கள். சில உரையாடல்களில் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்காத மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் வரைபடத்துக்கு ஒரு நன்மை உண்டு. மனிதன் மாதிரி இல்லாத ஒருவரைக் காட்டுவதற்குக் கூடுதல் காசு தேவையில்லை. பழைய தொடரில் வேற்றுக்கோள்வாசி என்றால் பெரும்பாலும் நெற்றியில் ஏதாவது ஒட்டிய மனிதன்தான். இங்கே செக்கோவின் இருக்கையில் அரெக்ஸ் என்பவர் இருந்தார். மூன்று கை, மூன்று கால். ஊஹுராவுக்கு மாற்றாக வந்த ம்ரெஸ் ஒரு பூனைப் பெண், பேசும்போது உறுமுவார். பழைய தொடர் கதையில் சொல்லிக்கொண்டிருந்ததை, கலத்தின் மேடையிலேயே கண்ணுக்குக் காட்டியது இந்தத் தொடர்.

'தி லொரெலை சிக்னல்' என்ற எபிசோட்டில் கலத்தில் உள்ள ஆண்கள் எல்லாரும் ஒரு கோளிலிருந்து வரும் அழைப்பில் மயங்கிப் போகிறார்கள். ஊஹுரா கலத்தின் தலைமையைக் கையில் எடுக்கிறார். பெண்களை மட்டுமே கொண்ட பாதுகாப்புக் குழுவோடு கீழே இறங்கிக் கேர்க்கையும் மற்றவர்களையும் மீட்கிறார். பழைய தொடரின் 79 எபிசோட்களில் ஒன்றில்கூட ஊஹுரா அந்த நாற்காலியில் தலைமை அதிகாரியாக இருந்து கட்டளை கொடுத்தது கிடையாது. முதலில் குரலே கொடுக்க வேண்டாம் என்று விடப்பட்டவருக்கு இங்கேதான் அது கிடைத்தது. கதையில் குறையும் இருக்கு: பெண் தலைமை ஏற்பதற்கு எல்லா ஆண்களும் மயங்கி விழவேண்டியிருக்கு, எதிரிகளும் ஆண்களை மயக்கும் பெண்கள்தான். அந்தக் காலத்தின் அளவு அது. ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்த்த ஒரு சின்னப் பிள்ளைக்கு ஊஹுரா கட்டளையிட்டதுதான் மனதில் நின்றிருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இரண்டாவது எபிசோட்டான 'யெஸ்டர்இயர்' ஃபொன்டானாவே எழுதியது. காலத்தில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தால் ஸ்பொக் ஏழு வயதில் இறந்துபோனதாக வரலாறு மாறிவிடுகிறது. அதைச் சரிசெய்யப் பெரிய ஸ்பொக், தூரத்து உறவினர் மாதிரி வேசம் போட்டுத் தன் சொந்த வீட்டுக்குப் போகிறார். அங்கே சின்ன ஸ்பொக்கை மற்றப் பிள்ளைகள் தாய் பூமிக்காரி என்று சொல்லிப் பகிடி பண்ணுகிறார்கள். தகப்பன் கண்டிப்பானவர். அவனுக்கு இருக்கிற ஒரே துணை ஐ-சாயா என்ற வயசுபோன வளர்ப்பு மிருகம். வனாந்தரத்தில் ஐ-சாயா அவனைக் காப்பாற்றப் போய் நஞ்சு ஏறிக் கிடக்கிறது. வேதனையை நீட்டி இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாமா, அமைதியாகப் போக விடலாமா என்று வைத்தியர் கேட்கிறார். ஏழு வயசுப் பிள்ளை இரண்டாவதைத் தெரிவு செய்கிறான்.

பிள்ளைகள் பார்க்கிற நேரத்தில் ஒரு வளர்ப்புப் பிராணி சாவதா என்று என்.பி.சி. தரப்பு யோசித்தது. அமெரிக்காவில் பெற்றோர் அமைப்புகள் சிறுவர் நிகழ்ச்சிகளை உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்த காலம் அது. ரொடன்பெரி ஃபொன்டானாவின் பக்கம் நின்றார். காட்சி அப்படியே போனது. இறப்பு என்றால் என்ன என்று ஒரு சனிக்கிழமை காலை 24 நிமிசத்தில் ஒருவர் பிள்ளைகளோடு நேர்மையாகக் கதைத்திருக்கிறார்.

எல்லா எபிசோட்டும் இந்தத் தரத்தில் இல்லை. பழைய கதைகளின் தொடர்ச்சியாக வந்த சில, மூலத்தின் நிழலாகவே இருக்கு. ரசல் பேட்ஸ் என்ற கயோவா பழங்குடி எழுத்தாளர் டேவிட் வைஸோடு சேர்ந்து எழுதிய எபிசோட் ஒன்றில், வோக்கிங் பெயர் என்ற கொமாஞ்சி இளைஞர் கலத்தின் அதிகாரியாக வருகிறார். எதிரே வந்து நிற்பது மாயர்களின் தெய்வமான குக்குல்கான் என்று அடையாளம் காண்பவர் அவர்தான். பழங்குடி எழுத்தாளர் ஒருவர் தன் ஆட்களை எதிர்காலத்துக்குள் கொண்டுபோய் வைத்த இடம் என்பதால் அது முக்கியம். அதேநேரம், பண்டைய நாகரிகங்களுக்கு அறிவு வேற்றுக்கோளில் இருந்து வந்தது என்ற 70களின் பிரபலமான கதையையும் அது காவுகிறது. அந்தக் கதை, மாயர்கள் தங்கட கையாலும் மூளையாலும் செய்ததை அவர்களிடமிருந்து பறிக்கிற கதை. இரண்டையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

முதல் பருவத்தில் 16, இரண்டாவதில் 6. மொத்தம் 22. 1974 ஒக்டோபர் 12 அன்று கடைசி எபிசோட். அதில் என்டர்பிரைஸின் முதல் கப்டனாக ரொபர்ட் ஏப்ரல் என்ற முதியவர் வந்தார். அடுத்த வருசம் எமி கிடைத்தபோது தொடர் ஏற்கெனவே முடிந்திருந்தது. அலன் டீன் ஃபொஸ்டர் என்ற எழுத்தாளர் அந்த 22 கதைகளையும் 1974 முதல் 1978 வரை பத்துப் புத்தகங்களாக எழுதினார். பழைய தொடருக்கும் 1979இல் வந்த முதல் திரைப்படத்துக்கும் இடையில் இருந்த பத்து வருசத்தில், அதே நடிகர்களோடு வந்த ஒரே புதிய ஸ்டார் ட்ரெக் இதுதான். அந்த இடைவெளியில் விளக்கு அணையாமல் இருந்ததற்கு இதற்கும் ஒரு பங்கு இருக்கு.

நடக்கவில்லை என்று சொல்வது

1987இல் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற புதிய தொடர் தொடங்கியது. பெரிய காசு, பெரிய குழு. இப்போது கதையுலகம் விரியத் தொடங்கியதும் எழுத்தாளர்களுக்கு ஒரு பதிவேடு தேவைப்பட்டது. எது நடந்ததாக எடுத்துக்கொள்வது? இதற்கு ரசிகர் உலகத்தில் 'கேனன்' என்று சொல்வார்கள். எந்த நூல்கள் வேதத்துக்குள் அடங்கும், எவை அடங்காது என்று கிறிஸ்தவத் திருச்சபை பிரித்த பட்டியலின் பெயர்தான் அது. தேவார திருவாசகங்களைத் திருமுறை என்று அடுக்கியதை நினைத்தால் எங்களுக்கு இன்னும் கெதியா விளங்கும். தொகுக்கப்பட்டது நிற்கும், தொகுக்காதது மெல்ல மறையும்.

1980களின் கடைசியில் ரொடன்பெரியின் அலுவலகம் கார்ட்டூன் அந்தப் பட்டியலில் இல்லை என்று அறிவித்தது. காரணங்கள் பலவாறு சொல்லப்படுகின்றன. 1989இல் பில்மேஷன் மூடப்பட்டதால் உரிமைச் சிக்கல் இருந்தது என்பார்கள். லாரி நிவனின் கதையில் வந்த பூனை இனம் அவருடைய சொந்தப் படைப்பு என்பதும் ஒன்று. திரும்பவும் நடிகர்களோடு தொடர் எடுக்கும் வாய்ப்பு வரும் என்று தெரிந்திருந்தால் இதை இப்படிச் செய்திருக்கமாட்டேன் என்று ரொடன்பெரி நினைத்ததாகவும் சொல்வார்கள். எது காரணமாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். 1993இல் மைக்கல் ஒகூடாவும் டெனிஸ் ஒகூடாவும் தொகுத்த ஸ்டார் ட்ரெக் காலவரிசைப் புத்தகத்தில் இந்த 22 கதைகளும் சேர்க்கப்படவில்லை.

யார் விழுந்தார்கள் என்று பாருங்கள். ஊஹுரா தலைமை தாங்கிய நாள் விழுந்தது. கொமாஞ்சி அதிகாரி விழுந்தார். மூன்று கை அரெக்ஸ் விழுந்தார். வேண்டுமென்று இவர்களைக் குறிவைத்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. 'கார்ட்டூன்', 'சிறுவர் நிகழ்ச்சி', 'மலிவானது' என்று வகை பிரித்துத் தள்ளும்போது, அந்த மலிவான இடத்தில் மட்டும் இடம் கிடைத்தவர்களும் சேர்ந்து தள்ளுப்படுகிறார்கள். யாரும் தீய எண்ணத்தோடு இருக்கவேண்டிய தேவையே இல்லை. வகைப்படுத்தலே வேலையைச் செய்துவிடும்.

ஆனால் ஒரு கதையை மட்டும் அவர்களால் தள்ள முடியவில்லை: 'யெஸ்டர்இயர்'. ஸ்பொக்கின் சின்ன வயசைப் பற்றி அவ்வளவு சொல்கிற வேறு எபிசோட் கிடையாது. ஒகூடாக்களின் புத்தகத்திலேயே அதற்கு விதிவிலக்குக் கொடுத்து, அதிலிருந்த தகவல்களைச் சேர்த்துக்கொண்டார்கள். கதவைப் பூட்டிவிட்டு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி.

மேற்கோள் காட்டினால் உயிர் வரும்

வரலாறு படிப்பவர்கள் முதல் வருசத்திலேயே சந்திக்கிற புத்தகம், ஈ.எச். கார் 1961இல் வெளியிட்ட 'வரலாறு என்றால் என்ன?'. அதில் ஒரு உதாரணம் வரும். 1850இல் இங்கிலாந்தின் ஸ்டேலிபிரிட்ஜ் என்ற ஊர்த் திருவிழாவில், இஞ்சி ரொட்டி விற்ற ஒருவரைக் கூட்டம் ஒன்று உதைத்தே கொன்றுவிட்டது. நடந்தது உண்மைதான். ஆனால் அது 'வரலாற்று உண்மையா'? கார் சொல்வது இதுதான்: ஒரு வரலாற்றாசிரியர் அதைத் தன் விரிவுரையில் எடுத்துச் சொல்லும்போது, அது வரலாற்று உண்மைகளின் சங்கத்தில் உறுப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறது. மற்றவர்களும் அதை எடுத்தாண்டால் உள்ளே வரும். யாரும் தொடாவிட்டால் திரும்ப இருட்டுக்குள் போய்விடும்.

கார்ட்டூனுக்கு நடந்தது அச்சொட்டாக இதுதான். பிறகு வந்த எழுத்தாளர்கள் அதை எடுத்தாண்டார்கள். கேர்க்கின் நடுப்பெயர் 'டைபீரியஸ்' என்பதை முதலில் சொன்னது ஜெரோல்ட் எழுதிய 'பெம்' என்ற கார்ட்டூன் எபிசோட். 1991இல் வந்த ஆறாவது திரைப்படத்தில் ஒரு நீதிமன்றக் காட்சியில் அந்தப் பெயர் சத்தமாகச் சொல்லப்பட்டது. கார்ட்டூனில் மட்டுமே பெயர் வந்த 'க்ளோதொஸ்' என்ற க்ளிங்கன் கலத்தை 1998இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் ஒரு முதிய போர்வீரர் நினைவுகூர்ந்தார். ஐ-சாயாவின் இனத்து மிருகம் 2004இல் 'என்டர்பிரைஸ்' தொடரில் கண்ணுக்கு முன்னால் உறுமிக்கொண்டு வந்தது. 2009ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் சின்ன ஸ்பொக்கை மற்றப் பிள்ளைகள் தாயைச் சொல்லிச் சீண்டுகிற காட்சியைப் பாருங்கள், ஃபொன்டானாவின் எபிசோட் ஞாபகம் வராமல் இருக்காது. 2006இல் 22 எபிசோட்களும் டிவிடியாக வந்தன. அடுத்த வருசமே உத்தியோகபூர்வ இணையத்தளம் கார்ட்டூனையும் மற்றத் தொடர்களோடு பட்டியலில் சேர்த்தது. 2022இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரில், கார்ட்டூனின் கடைசி எபிசோட்டில் வந்த ரொபர்ட் ஏப்ரல், ஏட்ரியன் ஹோம்ஸ் என்ற கறுப்பின நடிகரின் உருவத்தில் திரும்பி வந்தார்.

தடையை நீக்குகிறோம் என்று யாரும் ஒரு நாளில் எழுந்து நின்று சொல்லவில்லை. ஒருவர் ஒரு பெயரைப் பயன்படுத்தினார், இன்னொருவர் ஒரு மிருகத்தை. அந்த அடிக்குறிப்புகள் சேர்ந்து சேர்ந்து கடைசியில் தடை அர்த்தமில்லாமல் போனது.

எங்களுக்கு இதில் மிகவும் பிடித்தது 2020இல் தொடங்கிய 'லோவர் டெக்ஸ்'. ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தலைமுறைக் கார்ட்டூன். மைக் மக்மஹான் உருவாக்கியது, ஐந்து பருவம், 50 எபிசோட். பெரிய கலத்தின் பெரிய கப்டனைப் பற்றிய கதை இல்லை இது. முக்கியமில்லாத ஒரு கலத்தின் கீழ்த்தட்டில் படுத்தெழும்பி, சுத்தம் செய்து, திருத்த வேலை பார்க்கிற நாலு கனிஷ்ட அலுவலர்களின் கதை. பெரிய பதிவுகளில் பெயர் வராத ஆட்கள். அந்தக் கலத்தின் வைத்தியர் ம்ரெஸின் இனத்துப் பூனைப் பெண். 2021இல் வந்த ஒரு எபிசோட்டில், ஒரு சேகரிப்பாளரின் கலத்துக்குள் ஒரு பிரமாண்டமான எலும்புக்கூடு நிற்கும். கோனிக் எழுதிய அந்த இராட்சத ஸ்பொக்குடைய எலும்புக்கூடு. நடக்கவில்லை என்று சொல்லப்பட்ட ஒன்றின் எலும்பையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்றைய அலமாரி

கதை இங்கே நல்லபடியாக முடிந்தது என்று எழுதலாம். ஆனால் 2023 ஜூனில் இன்னொன்று நடந்தது. 'ப்ரொடிஜி' என்பது 2021இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக்கின் சிறுவர் கார்ட்டூன். இரண்டாவது பருவம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே பரமவுண்ட் பிளஸ் அதை நிறுத்தி, முதல் பருவத்தையும் தன் தளத்திலிருந்து தூக்கியது. கேனன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பார்ப்பதற்கு இல்லாமல் செய்தார்கள், அவ்வளவுதான். ரசிகர்கள் திரும்பவும் சத்தம் போட்டார்கள். பிறகு நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது, 2024 ஜூலையில் இரண்டாவது பருவம் வந்தது.

1980களில் ஒரு அலுவலகம் 'இதைக் கணக்கில் எடுக்காதே' என்று சொன்னபோது, ஃபொஸ்டரின் புத்தகங்கள் வீடுகளில் இருந்தன. ரசிகர்களிடம் நாடாவில் பதிந்த எபிசோட்கள் இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்களால்தான் பின்னால் வந்த எழுத்தாளர்கள் அந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டார்கள். ஒரே ஒரு நிறுவனத்தின் சேர்வரில் மட்டும் இருக்கிற ஒன்றுக்கு அந்த வசதி இல்லை. அது ஒரு இரவில் போகும். மேற்கோள் காட்டுவதற்கு முதலில் பிரதி கையில் இருக்கவேண்டும்.

நாங்கள் படிக்கிற எந்த வரலாற்றுக்கும் இது பொருந்தும். ஒன்றைப் பதிவேட்டில் சேர்க்கமாட்டோம் என்று மேலிருந்து சொல்வதால் மட்டும் அது அழிவதில்லை. அதை வைத்திருக்க ஆளில்லாமல், எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போகும்போதுதான் அழிகிறது. வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் பெரிய ஆட்களாக இருப்பதில்லை. பழைய நாடாக்களைப் பெட்டிக்குள் வைத்திருந்த ரசிகர்கள் மாதிரி, அல்லது நடிக்க இடம் கொடுக்காவிட்டாலும் கதை எழுதித் தந்த கோனிக் மாதிரி ஆட்கள்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன ஆலோசனை. 22ஐயும் வரிசையாகப் பார்க்கத் தொடங்காதீர்கள், களைத்துப் போவீர்கள். முதலில் 'யெஸ்டர்இயர்', பிறகு 'தி லொரெலை சிக்னல்', பிறகு 'பெம்'. ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம்கூட இல்லை. படம் அசையவில்லையே என்று சலிப்பு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு குரல்களைக் கேளுங்கள். அவற்றில் இரண்டு குரல், ஒருவர் 'இவர்கள் இல்லாமல் நானும் இல்லை' என்று சொன்னதால் அங்கே இருக்கு.